ஐஸ் ஹவுஸில் வாழ்ந்தவர்கள்

சென்னை மெரினா கடற்கரையைப் பார்த்து நிற்கும் விவேகானந்தர் இல்லம், வீடாக இருப்பதற்காகக் கட்டப்பட்டதே அல்ல. 1842-இல் அது எழும்பியது பனிக்கட்டிக் கிடங்காக. அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் பிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் உறையும் ஏரிகளிலிருந்து பாளம் பாளமாகப் பனிக்கட்டியை வெட்டியெடுத்து, மரத்தூள் பொதிந்து, கப்பலில் அனுப்பி வந்தார். அவரது சரக்கு 1833-இல் முதன்முதலாகக் கல்கத்தா வந்து சேர்ந்தது. கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றி வர ஏறத்தாழ நான்கு மாதம் பிடிக்கும். சென்னையில் அன்று துறைமுகம் கிடையாது. நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து மசூலாப் படகுகளில்தான் சரக்கைக் கரை சேர்த்தார்கள். பிற்பாடு இந்தியாவிலேயே இயந்திரத்தில் பனிக்கட்டி தயாரிக்கத் தொடங்கியதும் டியூடரின் வணிகம் படுத்துவிட்டது.

கிடங்கை விலைக்கு வாங்கியவர் உயர் நீதிமன்ற வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார். பனிக்கட்டி உருகாதிருக்கக் கட்டிய சுவர்களுக்குள் மனிதர் குடியிருப்பது எளிதல்ல. எனவே வட்டத் தாழ்வாரங்கள் எடுத்து, சன்னல்கள் வைத்து, அதை வீடாக்கினார். நீதிபதி கெர்னன் மீதிருந்த மதிப்பால் 'காசில் கெர்னன்' என்று பெயரும் சூட்டினார். ஏழை மாணவர்களுக்கும் அங்கே இடம் கொடுத்தார்.

1897 பிப்ரவரி 6 முதல் 14 வரை, மேலைநாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். சென்னை அன்பர்கள் கேட்டுக்கொண்டபடி அவர் அனுப்பிய சுவாமி ராமகிருஷ்ணானந்தர் அந்த வீட்டில் மடம் நடத்தினார். உரிமை மட்டும் ஐயங்காருடையது. அவர் காலமான பிறகு, 1906-இல் வீடு ஏலத்துக்கு வந்தது; மறு ஆண்டு மடம் மயிலாப்பூருக்கு மாறியது.

1917-இல் கட்டடம் அரசின் கைக்கு வந்தது. அதன் வரலாற்றில் மிகுந்த மதிப்புக்குரிய பகுதி இங்கேதான் தொடங்குகிறது. இளம் வயதிலேயே கணவரை இழந்து, பின்னர் படித்து 1911-இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, பிராமணக் குழந்தை விதவைகளுக்காக நடத்திய இல்லம் அங்கே இயங்கியது. விதவை எதிரே வந்தாலே அபசகுனம் என்று ஒதுங்கிய தெருக்கள் நிறைந்த ஊரில், அந்தச் சிறுமிகள் அங்கே தங்கிப் பாடம் படித்தார்கள், பலர் ஆசிரியைகளானார்கள். பின்னாளில் கட்டடம் ஆசிரியர் பயிற்சி பெறுவோரின் விடுதியாக இருந்தது.

ஒரு பழைய வீட்டின் கதையைத் தேடுவோர் மூலப்பத்திரத்தோடும் வில்லங்கச் சான்றோடும் நின்றுவிடக் கூடாது என்பதற்கு இந்த வீடே சான்று. வீடு யாரிடமிருந்து யாருக்குப் போனது, எப்போது அடமானத்தில் இருந்தது என்பது வரைக்கும்தான் பத்திரங்கள் பேசும். ஒன்பது நாள் தங்கிய துறவியோ, அங்கே எழுத்துக் கற்ற சிறுமிகளோ கிரயப் பத்திரத்தில் இடம்பெற வழியில்லை. அவர்களைத் தேட மடத்தின் கடிதங்களையும், பள்ளிப் பதிவேடுகளையும், பழைய நாளிதழ்களையும் புரட்ட வேண்டும்.

விவேகானந்தரின் நூற்றாண்டான 1963-இல் தமிழக அரசு கட்டடத்துக்கு அவர் பெயரை வைத்தது. 1997-இல் ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டு, 1999 முதல் அங்கே கண்காட்சி நடந்து வருகிறது.