ரிப்பர் புத்தகங்களும் ஒரு கடுகு டப்பாவும்

துப்பறியும் நாவலில் கடைசிப் பக்கத்துக்குள் கொலைகாரன் அகப்பட்டு விடுவான். துப்பு துலங்காத உண்மைக் கொலைகளைப் பற்றிய புத்தகங்களில் அந்தக் கடைசிப் பக்கமே கிடையாது. அதனால்தானோ என்னவோ, ஒருவர் எழுதி முடித்ததும் அடுத்தவர் ஆரம்பித்து விடுகிறார். லண்டனின் ஜாக் தி ரிப்பரைப் பற்றி மட்டும் நூற்றுக்கும் அதிகமான புத்தகங்கள் வந்துள்ளன. ஒவ்வொன்றும் ஒரு கொலைகாரனைக் காட்டுகிறது. எல்லாம் சரியாக இருக்க முடியாது என்பது நிச்சயம்!

நடந்தது இதுதான். 1888 ஆகஸ்ட் 31 முதல் நவம்பர் 9 வரை, கிழக்கு லண்டனின் வைட்சேப்பல் பகுதியிலும் அதை ஒட்டியும் ஐந்து பெண்கள் கொல்லப்பட்டார்கள். மேரி ஆன் நிக்கோல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எட்டோஸ், மேரி ஜேன் கெல்லி. யாரும் தண்டிக்கப்படவில்லை. 'ஜாக் தி ரிப்பர்' என்ற பெயர்கூட, செப்டம்பர் மாத இறுதியில் ஒரு செய்தி நிறுவனத்துக்கு வந்த கடிதத்தில் இருந்த கையெழுத்துதான். அதை எழுதியது ஒரு பத்திரிகைக்காரர் என்றே போலீஸ் அதிகாரிகள் சிலர் பின்னாளில் சொன்னார்கள். அதாவது, எல்லாப் புத்தகங்களின் அட்டையிலும் இருக்கும் பெயரே கொலைகாரன் வைத்துக்கொண்டதாக இல்லாமல் இருக்கலாம்.

சந்தேக நபர்களின் பட்டியல் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் 1894இல் மெல்வில் மெக்னாட்டன் என்ற அதிகாரி எழுதிய ஒரு குறிப்பிலிருந்து. ஸ்காட்லாந்து யார்டின் ஆவணம் என்றதும் நமக்கு ஒரு மரியாதை வருகிறது. ஆனால் மெக்னாட்டன் போலீசில் சேர்ந்ததே 1889இல், கொலைகள் நடந்த பிறகு. அவர் குறிப்பிட்ட மூவரில் முதல்வர் ட்ரூயிட். சுமார் 41 வயது டாக்டர் என்று எழுதியிருக்கிறார். உண்மையில் மாண்டேகு ஜான் ட்ரூயிட் 31 வயது வழக்கறிஞர், பள்ளிக்கூட ஆசிரியராகவும் வேலை பார்த்தவர். 1888 டிசம்பர் 31 அன்று தேம்ஸ் நதியில் அவர் உடல் கிடைத்தது. ஆனி சாப்மன் கொல்லப்பட்ட அதே நாளில் அவர் பிளாக்ஹீத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார். (அது குற்றமற்றவர் என்பதற்கு நிரூபணம் ஆகாது. விடியற்காலையில் கொலை, முற்பகலில் மேட்ச், நேரம் இருக்கிறது. ஆனால் யாருக்குத்தான் நேரம் இல்லை?) இவர்தான் ரிப்பர் என்று 1965இல் டாம் கல்லன் ஒரு புத்தகமே எழுதினார். மூன்றாமவர் ஆஸ்ட்ராக் என்ற மோசடிப் பேர்வழி. கொலைகள் நடந்தபோது அவர் பிரான்சில் சிறையில் இருந்தார் என்பதை ஃபிலிப் சக்டன் என்ற வரலாற்றாசிரியர் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு தோண்டி எடுத்தார். அதுவரை எத்தனை பக்கங்கள் வீண்!

1976இல் ஸ்டீபன் நைட் அரச குடும்பத்தையே இழுத்தார். அவருக்குக் கதை சொன்னவர் இரண்டே வருடத்தில் அது கட்டுக்கதை என்று பேச்சை மாற்றினார். புத்தகம் நிற்கவில்லை, மறுபதிப்புகள் வந்துகொண்டே இருந்தன. 1993இல் ரிப்பரின் டைரி என்று ஒன்று வந்தது. அதை வெளியே கொண்டுவந்தவரே போலி என்று ஒப்புக்கொண்டார், பிறகு அதையும் மறுத்தார். 2002இல் பாட்ரீசியா கார்ன்வெல் ஓவியர் வால்டர் சிக்கர்ட்டைக் குற்றவாளி ஆக்கினார். இறந்தவர்களால் மானநஷ்ட வழக்குப் போட முடியாது என்பது இந்த எழுத்தாளர்களுக்கு எவ்வளவு வசதி!

2014இல் வந்த புத்தகம் விஞ்ஞானத்தையே துணைக்கு அழைத்தது. எட்டோஸ் உடலருகே கிடைத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு சால்வையில் டி.என்.ஏ. சோதனை செய்து, கோஸ்மின்ஸ்கிதான் கொலைகாரன் என்றது. (மெக்னாட்டன் பட்டியலின் இரண்டாமவர் இவர்.) எட்டோஸ் உடலில் இருந்த ஒவ்வொரு பொருளையும் போலீசார் அன்றே எழுதி வைத்தார்கள். மரண விசாரணைப் பதிவுகளில் அந்தப் பட்டியல் இருக்கிறது. அதில் இந்தச் சால்வை இல்லை. சோதனைக் கூடம் எவ்வளவு நவீனமாக இருந்தால் என்ன, சோதிக்கும் துணி அந்த இடத்தில் இருந்ததா என்பதல்லவா முதல் கேள்வி?

கொலைகாரனைத் தேடாத புத்தகம் ஒன்று 2019இல் வந்தது. ஹாலி ரூபன்ஹோல்ட் எழுதிய 'தி ஃபைவ்'. ஐந்து பெண்களும் எப்படி வாழ்ந்தார்கள் என்பது மட்டுமே அதில் இருக்கிறது. ஐவரில் மூவர் பாலியல் தொழில் செய்ததற்கு ஆதாரமே இல்லை என்பது அவர் வாதம். இதை மறுப்பவர்களும் உண்டு. ஆனால் நிக்கோல்ஸ் அந்த இரவு தெருவில் நின்றதற்குக் காரணம் விசாரணையிலேயே பதிவாகியிருக்கிறது. விடுதியில் படுக்கைக்குக் கொடுக்க அவரிடம் 4 பென்னி இல்லை. அதைவிட ட்ரூயிட்டின் கிரிக்கெட் ஸ்கோரை அல்லவா நாம் அதிகம் படித்திருக்கிறோம்.

எட்டோசின் பட்டியலை முழுதாகப் படிக்க வேண்டும். தேயிலையும் சர்க்கரையும் போட்ட தகர டப்பாக்கள், சோப்புத் துண்டுகள், சீப்பு, ஒற்றைச் சிவப்புக் கையுறை, ஒரு கடுகு டப்பா. டப்பாவுக்குள் இரண்டு அடகுச் சீட்டுகள். ஹாப்ஸ் பறிக்கும் வேலைக்குக் கென்ட் போய்விட்டு அவரும் துணைவர் ஜான் கெல்லியும் திரும்பியிருந்தார்கள். சாப்பாட்டுக்காகக் கெல்லியின் பூட்சை அடகு வைத்த சீட்டு அதில் ஒன்று. போலீசுக்கு அவர் யாரென்றே தெரியவில்லை. அடகுச் சீட்டைப் பற்றிய செய்தியைப் பத்திரிகையில் பார்த்துவிட்டுத்தான் கெல்லி காவல் நிலையத்துக்கு வந்து, அது தன்னுடைய கேட் என்று சொன்னார்.