நடுநாட்டு ஊர்களின் மரப்பெருமை: நெய்வேலியும் அண்டை நகரங்களும்

ஆய்வுச்சுருக்கம்

ஊர்ப்பெருமை பேசுமிடத்து மரவளத்தை முன்னிறுத்துவது தமிழ் மரபு. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சார்ந்த சிதம்பரம், விருத்தாசலம், திருப்பாதிரிப்புலியூர், பண்ருட்டி ஆகிய ஊர்கள் தத்தமக்குரிய மரத்தால் அறியப்படுவன. 1956-க்குப் பின் உருவான நெய்வேலி நகரியம், நட்டு வளர்த்த பசுமையால் அவ்வரிசையில் இடம் பெற்றது. இப்பெருமைகளை வரலாற்று நோக்கில் ஒப்பிடும் இக்கட்டுரை, பள்ளு இலக்கியம் காட்டும் உறவுப் பூசலை அளவுகோலாகக் கொள்கிறது. ஊர்களுக்கிடையிலான பசுமைப் போட்டி பொது நிலத்தையும் பொது நீரையும் அடித்தளமாகக் கொண்டது என்பதும், ஓர் ஊரின் பசுமையை அதன் எல்லைக்குள் மட்டும் அளப்பது போதாது என்பதும் இதன் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: நெய்வேலி, நடுநாடு, தலமரம், பள்ளு இலக்கியம், பலா, முந்திரி, நிலத்தடி நீர்

முன்னுரை

இரண்டு ஊர்கள் தத்தம் வளத்தைச் சொல்லிப் போட்டியிடுவதைத் தமிழ் இலக்கியம் தனி உறுப்பாகவே வளர்த்துள்ளது. முக்கூடற் பள்ளில் மூத்த பள்ளி ஆசூர் வடகரை நாட்டையும் இளைய பள்ளி சீவலமங்கைத் தென்கரை நாட்டையும் மாறிமாறிப் புகழ்கின்றனர். சோலையும் வயலும் நீரும் அப்புகழ்ச்சியின் பொருள்களாகின்றன. பூசல் முற்றி ஏச்சாக மாறினும் இறுதியில் இருவரும் இணங்குகின்றனர். இவ்விணக்கத்துக்குக் காரணம் நூலின் அமைப்பிலேயே உள்ளது. இருவரும் ஒரே குடும்பத்தினர். இரு நாடுகளும் ஒரே பொருநையின் கரைகள். பகிர்ந்துகொள்ளும் நீர் இருப்பதனால்தான் பூசல் பகையாவதில்லை.

இவ்வளவுகோலைக் கொண்டு நடுநாடு எனப்படும் தென்னார்க்காட்டுப் பகுதியின் ஊர்களை நோக்கலாம். 1993-இல் தென்னார்க்காடு மாவட்டம் கடலூர், விழுப்புரம் என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அக்கடலூர் மாவட்டத்தில், பழம்பெருமை கொண்ட ஊர்கள் சூழ அமைந்த புதிய நகரியம் நெய்வேலி.

தலமரமும் ஊர்ப்பெயரும்

இப்பகுதியின் பழைய ஊர்கள் சிலவற்றில் மரமே ஊர்ப்பெயராக நிற்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயர் தில்லை மரத்தால் அமைந்தது. கடலூர் நகரின் ஒரு பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூர், பாதிரி மரத்தைப் பெயரிலேயே தாங்கியுள்ளது. திருமுதுகுன்றம் என்னும் விருத்தாசலத்தின் தலமரம் வன்னி. அக்கோயில் திருப்பணியில் ஈடுபட்டோர்க்கு வன்னியிலையே கூலியாக வழங்கப்பட்டது என்றும், அவரவர் உழைப்பின் அளவுக்கு ஏற்ப அவ்விலை பொன்னாயிற்று என்றும் தலபுராண மரபு கூறும்.

இம்மரப்பெருமைகளுள் சிதம்பரத்தின் நிலை தனித்த கவனத்துக்குரியது. தில்லைவனம் எனப் போற்றப்பட்ட ஊரில் இன்று தில்லைக் காடு இல்லை. அம்மரம் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காட்டில் சுரபுன்னை முதலியவற்றோடு வளர்கிறது. பெயர் ஓர் ஊரிலும் மரம் அண்டை ஊரிலும் இருத்தல், மரப்பெருமையை ஊர் எல்லைக்குள் அடைக்க இயலாது என்பதற்கு முதற்சான்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது அக்காட்டின் பின்புறம் இருந்த குடியிருப்புகள் குறைந்த சேதமடைந்தன என்பது ஆய்வாளர்களின் பதிவு. கோயில் நகரின் பெயருக்குக் காரணமான மரம், கடலோர மீனவர் குடியிருப்புகளுக்குக் காப்பாக நின்றது.

பலாவும் முந்திரியும்

பண்ருட்டியின் பெருமை வேறு வகையினது. அங்கு மரம் வழிபாட்டைச் சாராமல் பிழைப்பைச் சார்ந்து போற்றப்படுகிறது. பலா சங்க இலக்கியம் அறிந்த மரம். முந்திரியோ போர்த்துகீசியர் வழியாகப் பிரேசிலிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்தது. எனினும் இன்று பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் சூழ்ந்த செம்மண் பரப்பில் முந்திரி அயல்மரமாகக் கருதப்படுவதில்லை. கொட்டை பொறுக்கல், உடைத்தல், தோல் நீக்கல் எனப் பல குடும்பங்களின் கைத்தொழிலில் அது வேரூன்றியது. தங்கர் பச்சானின் ‘ஒன்பது ரூபாய் நோட்டு’ நாவல், மரம் வளர்த்த உழவன் தன் நிலத்தைவிட்டு நீங்கும் துயரை இப்பகுதியின் பின்னணியிலேயே சித்திரிக்கிறது.

ஆகவே ஒரு மரம் ஊருக்குரியதாவதற்குத் தொன்மை இன்றியமையாத தகுதியன்று. அதன் நிழலும் பயனும் அவ்வூராரிடையே எவ்வாறு பகிரப்படுகின்றன என்பதே தகுதியை வரையறுக்கிறது. இம்முடிபு நெய்வேலியை மதிப்பிட இன்றியமையாதது.

நட்டு வளர்த்த நகரம்

1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரிய பொருள், இப்பகுதியில் பழுப்பு நிலக்கரி இருப்பதை உணர்த்தியது. 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படிவம் வெளிக்கொணரப்பட்டது. 1962-இல் சோவியத் உதவியுடன் அமைந்த அனல்மின் நிலையம் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. பழுப்பு நிலக்கரி கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணுள் புதைந்த மரஞ்செடிகளின் எச்சமாதலின், நெய்வேலி ஒரு புதைகாட்டின்மீது எழுந்த நகரம் எனலாம்.

தொழிலாளர்க்கென எழுந்த நகரியம் எண்ணிட்ட வட்டங்களாகப் பகுக்கப்பட்டது. அகன்ற சாலைகள், தோட்டத்துடன் கூடிய வீடுகள், சாலையோர நிழல்மரங்கள் என்னும் அதன் அமைப்பு, எபனேசர் ஹோவர்ட் 1898-இல் முன்வைத்த பூங்கா நகரக் கருத்தோடு ஒப்பிடத்தக்கது. சுரங்கத்திலிருந்து அகற்றிய மேல்மண் குன்றுகளிலும் மரங்கள் நடப்பட்டன. இவ்வகையில் நெய்வேலியின் பசுமை, திட்டமிட்ட உழைப்பின் விளைவு.

இதனோடு ஒப்பிடத்தக்க அண்டை முயற்சி புதுச்சேரியை அடுத்த ஆரோவில். புதுச்சேரியில் 1826-லேயே பிரெஞ்சு ஆட்சி தாவரவியல் பூங்கா அமைத்தது. 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட ஆரோவிலோ, அரிப்புக்குள்ளான செம்மண் மேட்டில் இப்பகுதிக்குரிய உலர் பசுமைமாறாக் காட்டை மீட்க முயன்றது. கடலூர் மணற்பாறை என நிலவியலார் வழங்கும் ஒரே பாறைத்தொகுதி இரு குடியிருப்புகளின் நிலப்பகுதிகளையும் இணைக்கிறது. விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையின் கல்மரங்களும் அத்தொகுதியைச் சார்ந்தனவே. இரண்டும் புதியவை, இரண்டும் நட்ட மரத்தால் பெயர் பெற்றவை. ஆனால் ஆரோவிலில் மரவளர்ப்பு நிலத்தைத் தங்கவைக்கும் பணியாக அமைந்தது. நெய்வேலியில் அது நிலத்தை அகழும் பணியோடு உடன் நிகழ்ந்தது. இவ்வேறுபாடு மரங்களின் எண்ணிக்கையால் மறையக்கூடியதன்று.

பொது நீரும் பொதுப் புயலும்

நெய்வேலியின் நிலக்கரிப் படிவத்தின் அடியில் மிகுந்த அழுத்தம் கொண்ட ஊற்றுநீர்ப் படுகை உள்ளது. அந்நீரை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைக் குறைத்தாலன்றிச் சுரங்கம் இயங்காது. இறைக்கும் நீரின் ஒரு பகுதி வாலாஜா ஏரி வழியாகப் பாசனத்துக்குப் பயன்படுகிறது. அதேவேளையில், நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்தது என்பது சுற்றுப்புற உழவர்களின் நெடுநாள் முறையீடு. நகரியத்து நிழல்மரமும் சிற்றூரின் பலாவும் வெவ்வேறு உலகங்களைச் சார்ந்தவையல்ல என்பதை இந்நீரே உணர்த்துகிறது.

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த தானே புயல் இவ்வுண்மையை வேறு வகையில் காட்டியது. பண்ருட்டி வட்டாரத்துப் பலாவும் முந்திரியும் பெருமளவில் வேரோடு சாய்ந்தன. நெய்வேலியின் சாலை மரங்களும் புதுச்சேரியின் மரங்களும் தப்பவில்லை. எந்த ஊர் பசுமையானது என்னும் கேள்வி அன்று பொருளிழந்தது. ஆயினும் இழப்பின் தன்மை ஒன்றன்று. நகரியம் நிழலை இழந்தது. உழவர் பல்லாண்டு வருவாயை இழந்தனர்.

நகரியத்துக்கும் சுரங்கத்துக்கும் நிலம் தந்து பெயர்ந்த மக்களின் மரங்கள் எக்கணக்கிலும் இடம்பெறுவது அரிது. நடுநாட்டுச் சொல்லகராதியைத் தொகுத்த கண்மணி குணசேகரன் ‘வந்தாரங்குடி’ நாவலில் அவ்விடப்பெயர்வை இலக்கியமாக்கினார். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்ப் பணிக்காக விளைந்து நின்ற நெற்பயிரின் ஊடே மண் தோண்டப்பட்டபோது, இச்சிக்கல் மாநிலம் முழுவதும் விவாதமாயிற்று. ஜெர்மனியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காக ஹாம்பாக் காடு அழிக்கப்படுவதை எதிர்த்து 2018-இல் எழுந்த போராட்டம், இது நெய்வேலிக்கு மட்டும் உரிய முரண் அன்று என்பதைக் காட்டும்.

முடிவுரை

நடுநாட்டு ஊர்களின் மரப்பெருமை மூன்று நிலைகளில் வளர்ந்துள்ளது. தில்லை, பாதிரி, வன்னி ஆகியவை ஊரின் பெயரையும் நினைவையும் காத்தன. பலாவும் முந்திரியும் ஊரின் பிழைப்பைத் தாங்கின. நெய்வேலியின் நிழல்மரங்கள், புதிதாக வந்து குடியேறியவர்க்கு ஓர் ஊரை உருவாக்கித் தந்தன. முந்திரியை ஏற்ற மண் இம்மரங்களையும் ஏற்கக்கூடியதே. நெய்வேலியின் பசுமையைச் செயற்கை எனத் தள்ளுதல் தகாது.

ஆயினும் ஒப்பீடு நகரிய எல்லைக்குள் நின்றுவிடின் அது குறையுடையதாகும். முக்கூடற் பள்ளியின் புகழ்ச்சிக்கும் மருதூர்ப் பள்ளியின் புகழ்ச்சிக்கும் ஒரே ஆறு ஆதாரமாக இருந்தது. நெய்வேலிக்கும் அதன் அண்டை ஊர்களுக்கும் அவ்வாறான பொது ஆதாரம் நிலத்தடிப் படுகையும் செம்மண் மேடுமாகும். எனவே மாவட்டத்தின் பசுமை வரலாற்றை எழுதுவோர், நடப்பட்ட மரங்களோடு அகற்றப்பட்ட தோப்புகளையும், நகரியத்தின் நிழலோடு சிற்றூர்க் கிணறுகளின் நீர்மட்டத்தையும் ஒரே ஏட்டில் பதிவு செய்தல் வேண்டும். அத்தகைய பதிவே ஊர்களின் போட்டியை உறவுக்குள் நிற்கும் பூசலாக வைத்திருக்கும்.