இங்கிலாந்துப் பள்ளிகளில் இசைத் தேர்வு

1951இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓ-லெவல் தேர்வில் இசை பெரும்பாலும் தாளில் எழுதும் பாடமாகவே இருந்தது. நான்கு குரல்களுக்கான ஒத்திசையை விதி பிசகாமல் எழுத வேண்டும். கேட்ட மெட்டைக் குறியீடாக்க வேண்டும். குறித்த படைப்புகளையும் இசை வரலாற்றையும் படித்திருக்க வேண்டும். வாசிப்புக்கு மதிப்பெண் குறைவு. வீட்டில் பியானோ ஆசிரியர் வைத்துக் கற்ற பிள்ளைகளுக்கே இது வசதி.

மாணவரே வகுப்பில் இசை படைக்கலாம் என்று வாதிட்டவர்களில் முக்கியமானவர் ஜான் பேன்டர். பீட்டர் ஆஸ்டனுடன் அவர் எழுதிய நூல் 1970இல் வந்தது. அந்தச் சிந்தனையின் தடம் ஓ-லெவலுக்குப் பதிலாக வந்து 1988இல் முதன்முதலாக நடந்த ஜி.சி.எஸ்.இ. தேர்வில் தெளிவாகத் தெரிந்தது: வாசித்தல், இயற்றுதல், கேட்டுணர்தல் மூன்றும் கட்டாயம். தாங்களே ஒரு மெட்டும் இயற்றியிராத ஆசிரியர்கள் இயற்றக் கற்பிக்க வேண்டி வந்தது சிறிய சங்கடமல்ல. வேலையும் ஒரே நாள் தேர்வில் முடியாமல், ஒலிப்பதிவும் திருத்தமுமாகப் பல மாதங்களுக்கு நீண்டது.

2016இல் பாடத்திட்டம் மீண்டும் மாறியது. எழுத்துத் தேர்வுக்கு 40 விழுக்காடு. வாசிப்புக்கும் இயற்றலுக்கும் தலா 30. வாசிப்பு மொத்தம் 4 நிமிடமாவது இருக்க வேண்டும். அதில் ஒரு நிமிடமாவது பிறருடன் சேர்ந்து வாசிக்க வேண்டும். இயற்றும் இரு படைப்புகளும் சேர்ந்து 3 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. எண்கள் சிறியவைதான், ஆனால் அந்தச் சேர்ந்திசை நிமிடத்துக்கான ஒத்திகைதான் பல பள்ளிகளின் மாலை நேரத்தை விழுங்குகிறது.