லெப்டின் கண்டுபிடிப்பு வரலாறு

லெப்டின் என்பது கொழுப்புத் திசுவில் சுரந்து, குருதி வழியாக மூளையை அடைந்து பசியைக் கட்டுப்படுத்தும் புரத இயக்குநீர் ஆகும். 1949இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில், அடங்காப் பசியும் மிகுந்த பருமனும் கொண்ட சுண்டெலிகள் கண்டறியப்பட்டன. பின்னர் அங்கு பணியாற்றிய டக்ளஸ் கோல்மன், இத்தகைய எலியின் குருதியோட்டத்தை இயல்பான எலியினுடையதோடு இணைத்தார். பருத்த எலி உண்பது குறைந்து, அதன் எடை கூடுவதும் குறைந்தது. பசியடக்கும் பொருளொன்று அதன் குருதியில் இல்லை என அவர் முடிவு செய்தார்.

1994இல் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் அப்பொருளுக்கான மரபணுவைக் கண்டறிந்தனர். 1997இல் லெப்டின் குறைபாடுடைய இரு சிறார் இனங்காணப்பட்டனர். அவர்களில் ஒருவருக்கு லெப்டின் ஊசி அளித்தபோது பசி தணிந்து எடை குறைந்தது. எனினும் பருமனுள்ள பெரும்பாலோரின் குருதியில் லெப்டின் மிகுதியாகவே உள்ளது. அவர்களின் மூளை அதற்குச் சரிவர இசைவதில்லை. உடற்பருமன் மன உறுதிக் குறைவால் மட்டும் வருவதன்று என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.