ஆறுகளுக்குக் குறுக்கே ஒரு சாலை

சென்ற வாரம் கெடாவிலிருந்து மூடா ஆற்றங்கரை வரை வந்து நின்றோம். ஆற்றைத் தாண்டினால் செபராங் பிறை.

இந்த மண்ணில் மூடா, பிறை, ஜூரு, கிரியான் என்று எந்த ஆற்றை எடுத்தாலும் கிழக்கே பிறந்து மேற்கே கடலில் விழுகிறது. சாலையோ வடக்கு தெற்காகப் போயாக வேண்டும். கப்பளா பத்தாஸிலிருந்து நிபோங் திபால் போகிறவர் பிறை, ஜூரு ஆறுகளைக் கடந்தாக வேண்டும். பாலங்கள் வரும்வரை இங்கே ஆறுதான் சாலை. கூலிம் பக்கத்து ஈயம்கூடப் பிறை ஆற்றில் படகேறித்தான் கடலுக்கு வந்தது.

1800இல் லெப்டினன்ட் கவர்னர் ஜார்ஜ் லீத் கெடா சுல்தானோடு செய்த உடன்படிக்கையில் இந்தக் கரையோரம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. பினாங்குத் தீவுக்குச் சோறு வேண்டும், துறைமுகத்தின் எதிர்க்கரையும் தன் கையில் இருக்க வேண்டும் என்பது கம்பெனியின் கணக்கு. கவர்னர் ஜெனரலின் பெயரால் அது வெல்லெஸ்லி மாகாணம் ஆனது.

சாலை வெட்டியவர்கள் யார்? முதலில் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1873 வரை நீரிணைக் குடியேற்றங்களின் பொதுப்பணி பெரும்பாலும் அவர்கள் முதுகில்தான் நடந்தது. பெரிய கட்டடங்களைக் காட்டிப் பெருமை பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் பலர் தமிழர்கள். பத்து காவான், நிபோங் திபாலுக்கு அருகே கலிடோனியா என்று பல தோட்டங்கள் ஆற்றை ஒட்டியே எழுந்தன. சர்க்கரை படகில் போனதால், தோட்டத்தையும் படகுத் துறையையும் சேர்க்கிற பாதை இருந்தால் துரைமாருக்குப் போதுமாக இருந்தது. அடுத்த ஊருக்கு வழி இருக்கிறதா என்று அவர்கள் கவலைப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது.

பிறை என்ற ஊருக்கு மவுசு கொடுத்தது ரயில். 1903இல் பிறையிலிருந்து சிரம்பான் வரை தண்டவாளம் இணைந்தது. கோலாலம்பூர் ரயிலில் வந்தவர் பிறையில் இறங்கிப் படகில் தீவுக்குப் போவார். தீவில் தண்டவாளமே கிடையாது. ஆனாலும் ஜார்ஜ் டவுனில் 1907இல் மணிக்கூண்டோடு ஒரு ரயில்வே கட்டடம் எழுந்தது. டிக்கெட் அங்கே, ரயில் அக்கரையில்! பினாங்கின் பழைய வேடிக்கைகளில் எனக்குப் பிடித்தது இதுதான். 1967இல் ரயில் பிறை ஆற்றைத் தாண்டிப் பட்டர்வொர்த் போனதும், கடைசி நிலையம் என்ற மதிப்பு பிறையை விட்டுப் போனது.

அதற்குள் ஊருக்குத் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. 1964இல் சர்க்கரை ஆலையும் வந்தது. கரும்பு போன மண்ணில் சர்க்கரை, இந்த முறை வெளிநாட்டு மூலச் சர்க்கரையைச் சுத்திகரித்து. லோரிகள் பெருகின. 1985இல் 13.5 கிலோமீட்டர் நீளத்தில் பினாங்குப் பாலம் பிறையிலிருந்து கெலுகோருக்குப் போனது. 2014இல் இரண்டாம் பாலம் பத்து காவானில் கரையேறியது.

இனி சாலை எண்களுக்கு வருவோம். மலேசியாவில் கூட்டரசுச் சாலைக்கு வெறும் எண். மாநிலச் சாலைக்கு எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து: பினாங்குக்கு ‘பி’, கெடாவுக்கு ‘கே’, பேராக்குக்கு ‘ஏ’. சுங்கை பக்காப், நிபோங் திபால் வழியாகப் போகும் நெடுஞ்சாலை கூட்டரசின் முதலாம் எண். உட்புறக் கம்பங்களுக்குப் பிரிகிறவற்றில் பல மாநிலத்தின் கணக்கு. மாநிலச் சாலைகளைப் பராமரிக்க மத்திய அரசு மானியம் தர வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 109ஆம் பிரிவே சொல்கிறது.

இந்த இரண்டு கணக்கிலும் சேராத ஒரு சாலை உண்டு: தோட்டத்துச் செம்மண் சாலை. அது தோட்டக் கம்பெனியின் சொந்த நிலம். ஆகவே தார் போடுவதும் குழியை அடைப்பதும் நிர்வாகத்தின் மனசைப் பொறுத்தது. மழை நாளில் பிள்ளைகள் சேற்றில் நடந்து பள்ளிக்கூடம் போன காலத்தில், பக்கத்திலேயே பொதுப்பணித் துறையின் தார்ச்சாலை பளபளத்தது. அதற்குக் கல் உடைத்தவர்களிலும் தார் ஊற்றியவர்களிலும் தமிழர்கள் ஏராளம்.

அடுத்த வாரம் கிரியான் ஆற்றைத் தாண்டிப் பாரிட் புந்தார்.