சம்பளம் கூட்டியும் ஏன் நிற்கிறார்கள் இல்லை?

"சம்பளம் கூட்டிக் கொடுத்தும் பெடியள் நிற்கிறார்கள் இல்லை." நான் வசிக்கும் ஜிந்துப்பிட்டியிலும் பக்கத்துச் செட்டியார் தெருவிலும் கடை முதலாளிகளிடம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது.

அமெரிக்க உளவியலாளர் பிரெடரிக் ஹேர்ஸ்பேர்க், ஏறத்தாழ 200 பொறியியலாளர், கணக்காளர்களிடம் பேசி 1959 இல் ஒரு விளக்கம் தந்தார். சம்பளமும் வேலைச் சூழலும் மோசமானால் அதிருப்தி வரும். அவற்றைச் சரிசெய்தால் அதிருப்தி நீங்கும், திருப்தி வந்துவிடாது. அது பாராட்டு, பொறுப்பு, முன்னேற்றம் ஆகியவற்றால் வருவது.

முதற்படி சட்டத்திலேயே உண்டு. 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டும். இவை சலுகையல்ல, உரிமை. கட்டப்படாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

லீவும் அப்படித்தான். வன்னியிலிருந்து வந்து நிற்கும் பிள்ளை மே மாதத்தில் லீவு கேட்பது தகப்பனின் திவசத்துக்காக இருக்கலாம். முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

இரண்டாம் படிக்குப் பெரிய செலவில்லை. பொதி தூக்குபவருக்குக் கொள்வனவும் கணக்கும் பழக்கலாம். நன்றாகச் செய்ததை நாலு பேர் முன் சொல்லலாம். நான் கண்டவரை, தொழில் பழக்கிய கடையை விட்டுப் பிள்ளைகள் இலகுவில் போவதில்லை. போனாலும், பழகிய தொழில் அவர்களோடு போகிறது. போரில் எல்லாவற்றையும் விட்டுவந்த குடும்பத்துக்கு அது பெரிய முதல்.