மண்டையோடும் செண்டுமல்லியும்

அமெரிக்காவில் ஸ்பானிய மொழி வகுப்புகள் பலவற்றில், நவம்பர் பிறந்தால் மாணவர் முகங்களில் மண்டையோடு வரைந்து 'இறந்தோர் நாள்' கொண்டாடிவிடுகிறார்கள். மெக்சிகோவின் தொன்மையான ஆஸ்டெக் மரபு என்று ஒருவரி விளக்கமும் உண்டு. வரலாறு அத்தனை எளிதன்று.

நவம்பர் 1, 2 இரண்டும் கத்தோலிக்க நாட்காட்டி தந்த நாட்கள். தொப்பியணிந்த எலும்புக்கூட்டுச் சீமாட்டியோ 1913இல் மறைந்த ஹோசே குவாதலூபே போசாதா பொறித்த கேலிச்சித்திரம். ஐரோப்பியப் பகட்டில் மயங்கியோரை எள்ளியது. மெக்சிகோ நகரப் பேரணி 2016இல்தான் தொடங்கியது, அதுவும் முந்தைய ஆண்டு வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படக் காட்சியைப் பின்பற்றி!

வேடத்தைக் களைந்தால் எஞ்சுவது 'ஒஃப்ரெண்டா' என்னும் வீட்டுப் படையல். இறந்தவரின் புகைப்படம், அவர் விரும்பிய உணவு, ஒரு குவளை நீர், மெழுகுதிரி, செம்பாசூசில் மலர். (நம் மாலைகளில் தொடுக்கும் செண்டுமல்லிதான் அது, தாயகம் மெக்சிகோ.) அம்மலரின் பெயர் ஸ்பெயினிலிருந்து வந்ததன்று, ஆஸ்டெக்குகள் பேசிய நாவாட்டில் மொழியிலிருந்து வந்தது. ஆண்டவர் மொழி ஆளப்பட்டோர் சொல்லை ஏற்ற அக்கதையை ஒரு வகுப்பு முழுவதும் சொல்லலாம்.

ஆனால், 'உங்கள் வீட்டில் இறந்தவர் படத்தைக் கொண்டுவாருங்கள்' என்று பயிற்சி தருவதில் எனக்கு உடன்பாடில்லை. சென்ற மாதம் தாயை இழந்த மாணவி அங்கே அமர்ந்திருக்கக்கூடும். அவள் துக்கத்துக்கு மதிப்பெண் இடுவது எங்ஙனம்? மெக்சிகோ வேர்கொண்ட மாணவனை எழுப்பி, மரபுக்குச் சாட்சி சொல்லச் செய்வதும் அவ்வாறே.

இறந்தோரே பேசும் 'பெத்ரோ பாராமோ'வை 1955இல் தந்த ஹுவான் ருல்ஃபோவுக்கு வகுப்பு ஒரு படையல் வைக்கட்டும். அருகே தம்மவர் படத்தை வைக்க விரும்பும் மாணவருக்குச் சிறிது இடம் விட்டால் போதும்.